நான்கு விநாடியில் முடியாத வாக்கியம்: நெடுஞ்சாலை மின்னணுப் பலகைகளில் செய்தி இடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டுப்பாட்டு அறை அலுவலர்களுக்கு,

வணக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓட்டுநர் பயிற்சி கொடுத்து வருபவன் நான். பயிற்றுநரின் இருக்கை ஒரு விசித்திரமான இடம். காலடியில் தனியாக பிரேக்கும் கிளட்சும் இருக்கும், கையில் ஸ்டியரிங் இருக்காது. ஓட்டுகிறவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்கத் தவறுகிறார், பார்த்தும் எது அவருக்குப் புரியவில்லை என்று கவனித்துக்கொண்டே இருப்பதுதான் அங்கே முழுநேர வேலை. நீங்கள் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து தட்டச்சு செய்து அனுப்பும் சொற்கள், சாலைக்கு மேலே ஒளிரத் தொடங்கியதும் என்ன ஆகின்றன என்பதை அந்த இருக்கையிலிருந்து சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எந்த ஒரு சாலையையோ அலுவலகத்தையோ மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. பலகைகளைப் பராமரிப்பவர்கள் பலர், செய்தியை முடிவு செய்பவர்கள் வேறு பலர். ஆனால் கடைசியில் விசைப்பலகையில் கை வைப்பவர்கள் நீங்கள்தான் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு காலை வகுப்பைச் சொல்கிறேன். உரிமம் வாங்கிய பிறகும் நெடுஞ்சாலைப் பயம் விலகாமல், கூடுதலாகப் பத்து வகுப்பு வேண்டும் என்று கேட்டு வந்த ஓர் அம்மா அன்று ஓட்டினார். ஐம்பதைக் கடந்தவர், நாளிதழை முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கம் வரை விடாமல் படிப்பவர், ஆகவே எழுத்து அவருக்குப் பகையன்று. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். சாலைக்குக் குறுக்கே நின்ற இரும்புச் சட்டத்தில் மின்னணுப் பலகை எரிந்துகொண்டிருந்தது. அதைக் கடந்ததும், "போர்டுல என்ன போட்டிருந்துச்சு, சொல்லுங்கம்மா" என்று கேட்டேன். "எச்சரிக்கைன்னு ஆரம்பிச்சுது சார். படிக்கிறதுக்குள்ள இங்கிலீஷ் வந்துருச்சு. அப்புறம் இந்தி மாதிரி ஏதோ வந்துச்சு. அதுக்கப்புறம் நான் ரோட்டைப் பார்த்துட்டேன்" என்றார். ரோட்டைப் பார்த்ததற்காக அவரைப் பாராட்டினேன், அது பயிற்றுநரின் கடமை. ஆனால் பலகை சொல்ல வந்தது, இரண்டு கிலோமீட்டரில் சாலைப் பணி, வலது ஓரம் அடைப்பு என்பது. இரண்டு நிமிடத்துக்குள் அந்த இடம் வந்தது. வலது ஓரத்தில் போய்க்கொண்டிருந்த அவர் ஆரஞ்சு நிறக் கூம்புகளைக் கண்டு திகைத்தார், நான் என் காலடி பிரேக்கை மிதித்தேன், பின்னால் வந்த பேருந்து நெடுநேரம் ஹாரன் அடித்தது.

அவர் மீது பிழை இல்லை என்பதை வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எளியதுதான். அவர் எழுபதில்தான் போனார், ஆனால் நெடுஞ்சாலைக்கென்று மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தை எடுத்துக்கொண்டேன், அது விநாடிக்கு 25 மீட்டர். அமெரிக்காவின் கூட்டரசு வெளியிடும் போக்குவரத்துக் குறியீட்டுக் கையேடு, வேகச் சாலைகளில் இத்தகைய பலகையின் எழுத்து 18 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்றும், இரவில் 600 அடியிலிருந்து, அதாவது ஏறத்தாழ 180 மீட்டரிலிருந்து, படிக்க முடிய வேண்டும் என்றும் சொல்கிறது. நம் பலகைகளும் அந்தத் தரத்தில் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். கடைசி நாற்பது மீட்டரில் பலகை முன்கண்ணாடியின் மேல் விளிம்புக்குப் போய்விடும், கழுத்தை நீட்டினால்தான் தெரியும். மிஞ்சுவது 140 மீட்டர், அதாவது ஐந்தரை விநாடி. முன்னால் ஒரு லாரி போனால் அதுவும் இல்லை. இந்த ஐந்தரை விநாடியில் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவும், குறுக்கே பாயும் இருசக்கர வாகனத்தைக் கவனிக்கவும் செலவாகும் நேரத்தை நான் கழிக்கவில்லை.

இப்போது பலகை தமிழ், ஆங்கிலம், இந்தி என்று மூன்று காட்சிகளை ஒவ்வொன்றும் நான்கு விநாடி வீதம் மாற்றி மாற்றிக் காட்டுகிறது என்று கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 12 விநாடி. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஓட்டுநர் தமது ஐந்தரை விநாடிக்குள் தமிழ்க் காட்சியைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. அவர் விரைந்து படிப்பவர், இரண்டரை விநாடி கிடைத்தாலே போதும் என்று தளர்த்திக் கணக்கிட்டாலும் எட்டில் மூன்றுதான். மீதி ஐந்து பேர் உங்கள் செய்தியைத் தமக்குத் தெரியாத மொழியில், அல்லது அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கட்டுப்பாட்டு அறையின் திரையிலோ செய்தி அனுப்பப்பட்டதாகவும், பலகை ஒழுங்காக இயங்குவதாகவும் பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருக்கும்.

மும்மொழியை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பஞ்சாபிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் சரக்கு ஏற்றி வருகிறவருக்கும் அந்த வளைவு வளைவுதான், அந்தப் பள்ளம் பள்ளம்தான். மொழிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்க வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். சிவப்பு வட்டத்துக்குள் 40 என்ற எண்ணும், கூம்பும் மண்வெட்டியும் கொண்ட சாலைப்பணிப் படமும், அடைபட்ட ஓரத்தைக் காட்டும் அம்புக்குறியும் எந்த மொழியையும் கேட்பதில்லை. அவற்றைப் பலகையின் இடப்பக்கம் அசையாமல் நிறுத்திவிட்டு, மீதி இடத்தில் தமிழில் ஒரு வரியும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் ஒரே நேரத்தில் எரிந்தால், இந்திக்கான வேலையில் பெரும்பகுதியைப் படமே செய்துவிடும். சரக்கு வாகன ஓட்டுநருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்று இருந்த விதி 2019-இல் நீக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த மொழியிலும் விரைந்து படிக்க இயலாத, ஆனால் வண்டியை நம் எல்லோரையும்விட நன்றாக ஓட்டுகிற மனிதர்கள் சட்டப்படியே சாலையில் இருக்கிறார்கள்.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். அது தமிழின் அமைப்பைப் பற்றியது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பு அதற்கும் கடைசியில் வருகிறது. 'திரும்ப' என்று தொடங்கி 'அனுமதி உண்டு' என்றும் முடிக்கலாம், 'அனுமதி இல்லை' என்றும் முடிக்கலாம். முடிவு வரும்வரை கேட்பவர் காத்திருக்க வேண்டும். தாளில் இது ஒரு குறையே அல்ல, மேடையில் இது ஒரு அழகு என்றுகூடச் சொல்வேன். ஆனால் இடம் போதாமல் இரண்டு காட்சிகளாக வெட்டப்பட்ட பலகையில் இது ஆபத்து. ஆங்கிலத்தில் 'நோ' என்ற சொல் முதல் காட்சியிலேயே நின்றுவிடும். அதன் தமிழாக்கத்தில் 'இல்லை' இரண்டாம் காட்சிக்குப் போய்விடும். ஆங்கிலம் படித்தவருக்குத் தடை முதலில் தெரிகிறது, தமிழ் படித்தவருக்கு அழைப்பு முதலில் தெரிகிறது.

இது கற்பனை அன்று. என்னிடம் பயின்று இப்போது லாரி ஓட்டும் ஒருவர், ஓர் இரவு தாழ்வான சுரங்கப்பாதைக்கு முன்னே இருந்த பலகையில் 'கனரக வாகனங்கள் பாலத்தின் கீழ் செல்ல' என்ற முதல் காட்சியைக் கண்டார். அடுத்த காட்சி மாறுவதற்குள் பலகையைக் கடந்துவிட்டார். கனரக வாகனங்கள் கீழே செல்ல வேண்டும் போலும், மேலே ஏதோ வேலை நடக்கிறது போலும் என்று நினைத்து, நல்ல பிள்ளையாக இண்டிகேட்டர் போட்டு இடதுபுறம் ஒதுங்கிச் சுரங்கப்பாதைக்கு இறங்கிவிட்டார். இரண்டாம் காட்சியில் இருந்தது 'அனுமதி இல்லை'. உயரத் தடுப்புக் கம்பி தார்ப்பாயைத் தொடுவதற்கு ஒரு முழம் முன்னால் கிளீனர் கூச்சலிட்டதால் வண்டி நின்றது. பின்னால் சேர்ந்துவிட்ட வண்டிகளை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி, லாரியை ரிவர்ஸ் எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அபராதமும் கட்டினார். "சார், நான் போர்டைப் படிச்சுட்டுத்தான் திரும்பினேன். படிக்காம போயிருந்தா நேராப் போயிருப்பேன்" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. பலகையைப் பார்க்காதவர் பிழைத்தார், பார்த்தவர் மாட்டிக்கொண்டார் என்றால் அந்தப் பலகையை எதற்காக எரிய விடுகிறோம்?

நான் முன்னே சொன்ன அமெரிக்கக் கையேட்டில் இதற்கு நேரான விதி ஒன்று உண்டு. ஒரு செய்தி இரண்டு காட்சிகளுக்கு மேல் போகக் கூடாது. ஒரு காட்சியில் மூன்று வரிக்கு மேல் கூடாது. எந்தக் காட்சியை முதலில் பார்த்தாலும் அது தனியாகவே பொருள் தர வேண்டும். எழுத்து பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ ஓடக் கூடாது. ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட இந்த விதி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே அதிகம் தேவைப்படுகிறது. பக்கவாட்டில் ஓடும் எழுத்தில் தமிழ் வாக்கியத்தின் 'இல்லை'யும் 'வேண்டாம்' என்பதும் வால்போல் கடைசியில் வந்து சேர்வதை நினைத்துப் பாருங்கள். பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டு நிற்பவர் அதற்குக் காத்திருக்கலாம், ஓட்டுகிறவர் காத்திருக்க முடியாது. நம் நாட்டிலும், சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2010-இல் இத்தகைய பலகைகளுக்கென்றே எஸ்.பி. 85 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. தமிழில் மறுப்பு எங்கே வரும் என்பதையெல்லாம் எந்த அனைத்திந்திய வழிகாட்டியும் உங்களுக்குச் சொல்லாது. அதைத் தமிழ் தெரிந்த நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தமிழ் இதற்கு இடம் கொடுக்காத மொழி அன்று. 'கனரக வாகனங்கள் பாலத்தின் கீழ் செல்ல அனுமதி இல்லை' என்ற ஏழு சொற்களுக்குப் பதில், 'லாரி நுழையாதீர்' என்று இரண்டே சொல் போதும். மேலே சிவப்பு வட்டத்தில் குறுக்குக்கோடு போட்ட லாரிப் படம் இருந்தால் அந்த இரண்டு சொல்லும் உபரிதான். 'நுழையாதீர்', 'திரும்பாதீர்', 'நிற்காதீர்' என்ற சொற்களில் மறுப்பு வினைக்குள்ளேயே இருக்கிறது. எந்த மென்பொருளும் அதைப் பிரித்து அடுத்த காட்சிக்கு அனுப்ப முடியாது. 'தடை' என்ற சொல்லை முன்னே நிறுத்தி 'தடை: லாரி, பேருந்து' என்றும் எழுதலாம். இலக்கணப் புலவர் முகம் சுளிக்கலாம், லாரி ஓட்டுநர் சுளிக்க மாட்டார். 'இயக்கவும்', 'மேற்கொள்ளவும்', 'பின்பற்றிச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' போன்ற அரசாணைச் சொற்கள் ஆணைக் கோப்பிலேயே இருக்கட்டும்.

சொல் தேர்வைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய உண்டு, ஏனெனில் எழுத்துத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்யும்போது நாள்தோறும் இதில்தான் இடறுகிறோம். 'பாதை மாறவும்' என்று ஒரு பலகை சொல்கிறது. எழுதியவர் நினைத்தது, பக்கத்து லேனுக்கு மாறுங்கள் என்பது. தமிழில் 'பாதை' என்றால் வழி. படிப்பவர் வேறு ரோட்டைப் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து அடுத்த சர்வீஸ் ரோட்டில் இறங்கப் பார்க்கிறார். 'வலது தடம் மூடப்பட்டது' என்றால், பேருந்துத் தட எண்ணைப் பார்த்தே வளர்ந்த நமக்கு ஏதோ பஸ் ரூட் நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது. லேன் என்பதற்கு எல்லோரும் ஒப்பும் தமிழ்ச் சொல் இன்னும் சாலைக்கு வந்து சேரவில்லை. வரும்வரை 'வலது ஓரம் அடைப்பு' என்றோ 'வலது லேன் அடைப்பு' என்றோ எழுதுவதில் எந்த இழுக்கும் இல்லை. 'விபத்துப் பகுதி' என்பது அதைவிடச் சிக்கலானது. அடிக்கடி விபத்து நடக்கும் இடத்தில் நிரந்தரமாக நட்டு வைத்த தகரப் பலகையில் அந்தச் சொற்கள் பழகிப்போனவை. அதே சொற்கள் மின்னணுப் பலகையில் எரிந்தால், இப்போது முன்னால் விபத்து நடந்திருக்கிறதா, அல்லது வழக்கமாக நடக்கும் இடமா என்று எப்படித் தெரியும்? நடந்திருந்தால் '3 கி.மீ.யில் விபத்து' என்று எழுதுங்கள். நடக்கக்கூடிய இடம் என்றால் அதற்குத் தகரப் பலகை போதும், மின்சாரம் வேண்டாம். 'திசைதிருப்பம்' என்ற ஒரு சொல்லையும் கண்டேன். 'மாற்றுப்பாதை' என்ற சொல் கிராமத்துக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும்போது இதை அகராதியிலிருந்து எடுத்து வந்தவர் யார் என்று தெரியவில்லை.

எழுத்துருவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது உங்கள் கையில் இல்லாமலும் இருக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்தை ஏழு விளக்கு வரிசையில் எழுதிவிடலாம். தமிழுக்கு மேலே புள்ளி வேண்டும், கீழே உகரச் சுழி வேண்டும், பக்கவாட்டில் கொம்பும் காலும் வேண்டும். ஆங்கில வரிக்கு ஒதுக்கிய அதே உயரத்தில் தமிழைத் திணித்தால் எழுத்தின் உடல் பாதியாகச் சுருங்கிவிடும். அப்போது முதலில் மறைவது புள்ளி. 'நில்' என்ற சொல்லில் புள்ளி விழுந்தால் 'நில' என்று ஆகிறது. சாலையில் ஒரு சொல்லுக்கு உயிர்போகும் மதிப்பு உண்டென்றால் அது 'நில்' என்பதற்குத்தான். ஒற்றைக்கொம்பு தன் எழுத்தைவிட்டு விலகி ஒரு புள்ளிவட்டத்தின் அருகே தனியாக நிற்பதையும், மென்பொருள் தன்னிச்சையாக வரியை மடக்கி 'எச்சரி' என்று ஒரு வரியிலும் 'க்கை' என்று அடுத்த வரியிலும் போடுவதையும் பார்த்திருக்கிறேன். வல்லினம் மிகவில்லை என்று கடிதம் எழுதும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான் (மிகாத இடங்களைப் பார்த்தால் கை துறுதுறுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்). ஆனால் மெய்யெழுத்தில் தொடங்கும் வரியைக் கண் ஒரு கணம் தடுமாறித்தான் கடக்கும், அந்த ஒரு கணத்தில் வண்டி 25 மீட்டர் போய்விடும். ஒவ்வொரு செய்தியையும் அனுப்புவதற்கு முன் கணினித் திரையில் பார்த்தால் போதாது, பலகையில் எரிந்த பின் கேமராவில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒன்றும் நடக்காத நாட்களில் பலகையில் என்ன போடுகிறீர்கள் என்பது. 'தலைக்கவசம் உயிர்க்கவசம்', 'வேகம் விவேகமல்ல' முதலியவை நல்ல வாசகங்கள்தாம், அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஆண்டில் முந்நூறு நாள் அறிவுரை சொன்ன பலகை, முந்நூற்றோராவது நாள் 'முன்னால் வெள்ளம்' என்று சொல்லும்போது அதை யார் படிப்பார்கள்? ஒரு டீக்கடையில் லாரிக்காரர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "லைட்டு போர்டா? அது எப்பவும் புத்தி சொல்லிட்டே இருக்கும்ணே" என்று சிரித்தார். எரிகிற பலகையைப் பார்க்காமல் போகப் பழக்கிவிட்டோம்.

இதில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் தற்செயலாகச் செய்த ஒரு பரிசோதனை நினைவில் வைக்கத்தக்கது. 2012 ஆகஸ்ட் முதல் அந்த மாநிலம், மாதத்தில் ஒரு வாரம் மட்டும், அந்த ஆண்டில் அதுவரை சாலையில் இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பலகைகளில் காட்டி வந்தது. மற்ற வாரங்களில் காட்டாததால் ஒப்பிட வசதியாயிற்று. ஜோனதன் ஹால், ஜோஷுவா மேட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட முடிவின்படி, எண்ணிக்கை காட்டப்பட்ட வாரங்களில் பலகையைக் கடந்த அடுத்த 10 கிலோமீட்டரில் விபத்துகள் 4.5 சதவீதம் கூடியிருந்தன. எண் பெரிதாக இருந்தபோதும், சாலை சிக்கலாக இருந்த இடங்களிலும் விளைவு இன்னும் மோசம். எச்சரிக்கை மனத்தைக் கலைத்துவிட்டது, கலைந்த மனம் ஸ்டியரிங்கில் இல்லை என்பது அவர்கள் விளக்கம். நம் வாசகங்களுக்கும் அதே விளைவு உண்டு என்று நான் வாதிடவில்லை. ஆனால் 'போட்டு வைத்தால் கெடுதல் ஒன்றும் இல்லையே' என்று சொல்வதற்கு இனி நமக்கு உரிமை இல்லை. 2023 டிசம்பரில் வந்த அமெரிக்கக் கையேட்டின் பதினோராம் பதிப்பு, நகைச்சுவையும் திரைப்படச் சாயலும் கொண்ட வாசகங்களையும் பலகையில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் திரைப்பட வசனத்தைத் திருப்பிப் போட்டுச் சாலைப் பாதுகாப்பு சொல்லும் ஆசை எவ்வளவு என்பதை நான் சொல்லத் தேவையில்லை. செய்தி இல்லாதபோது பலகையை அணைத்து வையுங்கள். அல்லது அடுத்த ஊருக்கு எத்தனை நிமிடம் என்று காட்டுங்கள், ஓட்டுநர் அதை விரும்பிப் படிப்பார், சரிபார்ப்பார், சரியாக இருந்தால் அடுத்த முறையும் நம்புவார்.

நம்பிக்கை என்று வந்ததால் இன்னொன்று. கத்திரி வெயிலில், நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு, 'பனிமூட்டம், மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகை எனக்கும் மாணவருக்கும் அறிவித்தது. மார்கழியில் போட்டதை யாரோ எடுக்க மறந்திருக்கிறார்கள். இருவரும் சிரித்தோம். அந்த மாணவர் இனி வாழ்நாளில் ஒரு மின்னணுப் பலகையை நம்புவாரா என்று பிறகு கவலைப்பட்டேன். 'நாளை', 'இன்று இரவு' போன்ற சொற்களை அறவே தவிர்த்து, தேதியும் மணியும் எண்ணாகப் போட்டு, காலாவதி நேரத்தையும் சேர்த்தே செய்தியை ஏற்றும் பழக்கம் இருந்தால் இது நேராது.

பலகை எங்கே நிற்கிறது என்பதும் செய்தியின் ஒரு பகுதியே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றது. இந்த நிலையில் 'அரசூரில் வெள்ளம்' என்ற செய்தி அரசூருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் எரிந்தால் அது அறிவிப்பு ஆகாது. வரிசையில் நிற்கும்போது படித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். திரும்பிவிடலாமா, வேறு வழியில் போகலாமா, செங்கல்பட்டிலேயே தங்கிவிடலாமா என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுக்கும் இடங்கள் செங்கல்பட்டும் திண்டிவனமும். அங்கே அது எரிய வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் தாம்பரம், பெருங்களத்தூர் வழியைத் தவிர்த்து, கார்களில் செல்வோர் ஓ.எம்.ஆர். என்னும் பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போங்கள் என்று ஆண்டுதோறும் சொல்கிறார்கள். நல்ல அறிவுரை. ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது தாம்பரம் வழியாகச் செல்லும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையில், பல்லாவரம் தாண்டிய ஒருவருக்கு அதைச் சொல்லி என்ன பயன்? கத்திப்பாராவுக்கு முன்னாலேயே, மூன்றே வரியில், 'செங்கல்பட்டு செல்வோர் / ஓ.எம்.ஆர். – திருப்போரூர் / வழி செல்க' என்று இருந்தால் போதும்.

இடங்களைக் குறிப்பிடும்போதும் சாலையில் வழங்கும் பெயரையே எழுதுங்கள். 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றப்பட்டன, ஜி.எஸ்.டி. சாலை 45-இலிருந்து 32 ஆயிற்று, பெங்களூரு சாலை 4-இலிருந்து 48 ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள் கடந்தும் ஓட்டுநர்கள் வாயில் 'என்.எச். 45' என்பது மாறவில்லை. 'தே.நெ. 32, கி.மீ. 68.400-இல் அடைப்பு' என்பது பொறியாளருக்குத் துல்லியம், ஓட்டுநருக்கு வெறும் எண். 'பரனூர் டோல்கேட் தாண்டி அடைப்பு' என்றால் அது எல்லோருக்கும் துல்லியம்.

இவ்வளவும் எழுதிவிட்டு உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் செய்திகள் ஏற்கெனவே தயாராக உங்கள் கணினியில் ஒரு பட்டியலாக இருக்கும். நாற்பதோ ஐம்பதோ இருக்கலாம். அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும்போது, எழுதியவரும் மேலதிகாரியும் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும் என்று விடாமல், ஓட்டுகிறவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள். ஒவ்வொரு காட்சியையும் கைபேசித் திரையில் நான்கு விநாடி காட்டி மறைத்துவிட்டு, 'என்ன எழுதியிருந்தது' என்று கேட்காதீர்கள்; அதற்கு நினைவாற்றல் உள்ளவர் யாரும் விடை சொல்லிவிடுவார். 'இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று கேளுங்கள். இரண்டு காட்சி உள்ள செய்தி என்றால், பாதிப் பேருக்கு இரண்டாவதை மட்டும் காட்டுங்கள், மீதிப் பேருக்கு முதலாவதை மட்டும் காட்டுங்கள். இரு சாராரும் ஒரே விடை சொன்னால் அந்தச் செய்தியைச் சாலைக்கு அனுப்பலாம். ஒருவர் 'இடதுபுறம் இறங்குவேன்' என்றும் மற்றவர் 'இறங்க மாட்டேன்' என்றும் சொன்னால், அதைத் திருப்பி எழுத வேண்டும்.

நான் இதைச் சிறிய அளவில் செய்து பார்த்துவிட்டேன். எங்கள் பயிற்சித் திடலில் எட்டு போடக் காத்திருக்கும் மாணவர்களுக்கு அட்டையில் எழுதிக் காட்டினேன். சுரங்கப்பாதைச் செய்தியின் முதல் காட்சியை மட்டும் பார்த்த பதினோரு பேரில் ஒன்பது பேர் கீழே இறங்குவதாகச் சொன்னார்கள். ஒருவர் தெரியாது என்றார். ஒருவர், "நான் ஸ்கூட்டி சார், எனக்கு எதுக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு முதல் ஒன்பது வரை திடலில் பதினைந்து இருபது பேராவது இருப்பார்கள். கல்லூரி மாணவர், இல்லத்தரசி, ஆட்டோவிலிருந்து வேனுக்கு மாற நினைப்பவர், ஓய்வு பெற்றவர் என்று எல்லா வகையும் உண்டு. உங்களில் யாரேனும் பட்டியலோடு வருவதாக இருந்தால், பெஞ்சும் நிழலும் டீயும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓர் ஓட்டுநர் பயிற்றுநர்,
செங்கல்பட்டு மாவட்டம்.